லாடப் புல்வெளியில் காணாமல் போன காடு

இருபத்தாறு வருஷமாக டன்னிங் மலைச் சரிவில் தபால் கொடுக்கிறேன். உறையைத் தொட்டதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பத்திரிகை கனமாக இருக்கும். ராணுவத்துக்குப் போன பிள்ளையின் கடிதம் மெலிசாக இருக்கும். பழைய வரைபட ஒப்புமை அலுவலகத்திலிருந்து வருவது மட்டும் கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி விறைப்பாக இருக்கும். அதை வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் என்னைத்தான் முறைப்பார்கள். நான் என்ன செய்வேன்? எழுதுவது அவர்கள், திட்டு வாங்குவது நான்.

அந்த அலுவலகம் எதற்கு என்று கில்பி ஊரில் கேட்காத ஆளில்லை. 1911இல் நில அளவைக்காரர்கள் கோவேறு கழுதைகளோடு மூன்று கோடைகாலம் மலையேறி ஒரு வரைபடம் போட்டார்கள். நல்ல வரைபடம்தான். மலைக்கோடு பழுப்பு, ஆறு நீலம், வீடும் பாதையும் கறுப்பு, காடு பச்சை. நாற்பது வருஷம் கழித்துத் தலைநகரில் யாருக்கோ திடீரென்று ஒரு யோசனை வந்தது. மலை அன்றைக்கு இருந்தபடியே இன்றைக்கும் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டுமாம். வித்தியாசம் இருந்தால் மலையைத் திருத்த வேண்டுமாம்.

எங்கள் பழைய பள்ளிக்கூடத்தைக் காலிசெய்து அலுவலகம் வைத்தார்கள். தலைமை அதிகாரியாக லேலண்ட் ப்ரூவிட் வந்தார். அவர் மலையில் கால் வைத்ததில்லை. ஆனால் மலையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, வரைபடத்தில் இருக்கிற வரைக்கும்.

வந்த வேகத்தில் ஆர்வில் டேட்டைப் பிடித்தார்கள். ஆர்வில் வேலி போட அனுமதி கேட்டு மனு போட்டிருந்தார். அவருடைய வீடு 1930இல் கட்டியது, அதனால் வரைபடத்தில் இல்லை. மனு எழுதிய உறையின்மேல் ‘இல்லாத முகவரி’ என்று சிவப்பு முத்திரை குத்தி அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆர்வில் அந்த வீட்டு வாசலில் நின்றுதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஏப்ரலில் ஆர்டிஸ் ஹால்வர்சனுக்கு ஒரு விறைப்பு உறை வந்தது.

ஆர்டிஸ் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். புருஷன் போன பிறகு அறுபத்து நாலு மாடுகளையும் அவற்றின் கன்றுகளையும் தனியாகவே பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு ஜூன் பதினைந்தாம் தேதியும் மாடுகளை மேலே லாடப் புல்வெளிக்கு ஏற்றிவிடுவாள். அது அரசாங்க நிலம், மேய்ச்சல் உரிமம் அவள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. மாடுகள் கோடை முழுக்க மேலே மேய்ந்தால்தான் கீழே வீட்டு வயலில் புல் வளரும். அதை அறுத்து உலர்த்தி வைத்தால்தான் பனிக்காலத்துக்குத் தீவனம். மாடுகள் மேலே போகவில்லை என்றால் வயலையும் மேய்ந்து தீர்த்துவிடும். இலையுதிர் காலத்தில் மொத்த மந்தையையும் விற்றுவிட்டு, அவள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘தங்கள் மேய்ச்சல் உரிமத்துக்கு உட்பட்ட லாடப் புல்வெளியில், 1911ஆம் ஆண்டு வரைபடத்தின்படி, முந்நூற்றுப் பத்து ஏக்கர் அடர்காடு இருந்தது. தற்போது அது காணப்படவில்லை. காடு எங்கே இருக்கிறது என்பதை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும். தெரிவிக்கும்வரை மேய்ச்சல் அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது.’

ஆர்டிஸ் இரண்டு தடவை படித்தாள்.

“எமெட், இது என் பேருக்குத்தான் வந்திருக்கா? நல்லாப் பார்த்தியா?”

“உன் பேருதான். முந்நூறு ஏக்கர் காட்டை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே? மரியாதையா சொல்லிடு.”

“விளையாடாதேடா. எங்க தாத்தா வந்தப்பவே அது புல்லு. அங்கே ஒரு மரம் இருந்திருந்தா அவர் குடிசை கட்ட எதுக்குக் கீழேயிருந்து கட்டை இழுத்துட்டுப் போறார்?”

“இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு.”

“சொன்னா கேப்பாங்களா?”

நான் கடிதத்தை மடித்து அந்த விறைப்பு உறைக்குள் திருப்பி வைத்தேன்.

மே மாதம் விசாரணை. சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் கூட்டல் கழித்தல் படித்த அதே அறை. கரும்பலகை இருந்த இடத்தில் ப்ரூவிட்டின் மேஜை. கதவருகில் ஹார்லன் நின்றிருந்தார். அவருக்கு அறுபது வயது, பதவியின் பெயர் குழாய்க் காப்பாளர். வரைபடத்தைச் சுருட்டி வைத்திருக்கும் பித்தளைக் குழாயைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அவர் வேலை.

“அனைவரும் எழுந்திருக்கவும்,” என்றார் ஹார்லன்.

நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தோம். அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தோம். ஹார்லன் வெள்ளைக் கையுறை போட்டு, குழாயைத் திறந்து, வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். ப்ரூவிட் தொப்பியைக் கழற்றினார்.

“இது ஒண்ணுதான் சான்றளிக்கப்பட்ட பிரதி,” என்றார். “நகல் எடுக்க நான் அனுமதிக்கிறதில்லை. நகல்ல தப்பு வந்துடலாம். திருமதி ஹால்வர்சன், காட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

“எந்தக் காட்டை சார்?”

“காணாமப் போன காட்டை.”

“அதை நான் பார்த்ததே இல்லையே.”

“அதாவது, நீங்க பார்க்காத நேரத்துல காணாமப் போயிருக்கு.” எழுதிக்கொண்டார். “ஹார்லன், படிவம் பதினேழு.”

படிவம் பதினேழு, காணாமல் போனவற்றைப் பற்றியது. நிறம் என்ற இடத்தில் ஆர்டிஸ் ‘பச்சை’ என்று எழுதினாள். உயரம் என்ற இடத்தில் யோசித்து ‘மரத்தளவு’ என்று எழுதினாள். அங்க அடையாளம் என்ற இடத்தில் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ‘கிளைகள்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகுதான் அவள் வரைபடத்தின் மேல் குனிந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கண் கூர்மை.

“சார், இந்தப் பச்சையைப் பாருங்க. கிழக்குப் பக்கம் கட்டத்தைத் தாண்டி வெளியே வழியுது. மேற்குப் பக்கம் அதே அகலத்துக்கு வெள்ளையா விட்டுப்போயிருக்கு. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியா அச்சடிச்சிருப்பாங்க இல்லையா? பச்சை அடிக்கறப்ப காகிதம் கால் அங்குலம் நழுவியிருக்கு. இந்த வரைபடத்துல ஓர் அங்குலம்னா ஒரு மைல். காடு அதோட இடத்துலதான் சார் இருக்கு. கால் மைல் மேற்கே. போய்ப் பாருங்க.”

ஹார்லன் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் பல வருஷமாக நெருடிய ஒன்று புரிந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. ப்ரூவிட் திரும்பியதும் அணைந்துவிட்டது.

“கட்டத்துக்கு வெளியே வழியுதுன்னா,” என்றார் ப்ரூவிட், “அந்தக் காலத்துக் காடு அவ்வளவு செழிப்புன்னு அர்த்தம்.”

“ஏரி நடுவிலயும் பச்சை இருக்கே சார்!”

“மரத்துக்குத் தண்ணி வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?” அவர் எழுந்து நின்றார். சொற்பொழிவு வரப்போகிறது என்று ஹார்லன் சுவரில் சாய்ந்துகொண்டார். “அம்மா, நிலம் இருக்கே, அது நம்பகமானதில்லை. மழை பெஞ்சா கரையும், காத்தடிச்சா சாயும், வருஷத்துக்கு நாலு தரம் நிறம் மாறும். அதை நம்பி ஒரு அலுவலகம் நடத்த முடியுமா? வரைபடம் அப்படி இல்லை. இருபது வருஷமா பார்க்கிறேன், ஒரு கோடு கூட அசைஞ்சதில்லை. இந்த அலுவலகத்தோட முதல் விதி என்ன தெரியுமா? வரைபடத்துல இருக்கிறது இருக்கு. இல்லாதது இல்லை. நான் சொன்னா கூட மாத்த முடியாது. அதனாலதான் நான் எதையும் போய்ப் பார்க்கிறதில்லை. பார்த்தா குழப்பம்தான் வரும்.”

கடைசியில் கருணை காட்டினார். மேய்ச்சலுக்கு மாற்று இடம் கொடுத்தார்: வரைபடத்தில் வெள்ளையாக இருக்கிற பகுதி. அதாவது நிஜமான காடு. ஊசியிலை மரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற இடம். என் நாயே அங்கே முகத்தை மட்டும் நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். புல் என்று ஒரு தாள் கிடையாது.

“மாடு ஊசியிலை தின்னுமா சார்?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

“வரைபடத்துல அது புல்வெளி. மாடு புல்லுதான் தின்னும்.”

வண்டியில் திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும், “விசாரிச்சு முடிக்க எத்தனை நாளாகும்னு ஹார்லன்கிட்டக் கேட்டேன்டா,” என்றாள். “முந்தின கேசு ஒம்பது வருஷமாம். எனக்கு ஒம்பது மாசமே தாங்காது.”

ஆனால் மாடுகளுக்கு யாரும் கடிதம் போட்டிருக்கவில்லை.

ஆர்டிஸின் மந்தைக்குத் தலைவி ஒரு பதினான்கு வயதுப் பசு. வெள்ளை முகம், யாரைப் பார்த்தாலும் தண்டனை கொடுக்கப் போகிற பார்வை. அதனால் ஜட்ஜம்மா என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஜூன் பாதியில் மேலே போய்ப் பழகியவள். பதினைந்தாம் தேதி காலை வேலிக் கதவில் வந்து நின்றாள். கதவு திறக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தாள். கதவு விழுந்தது. ஆர்டிஸ் காபிக் கோப்பையோடு ஓடி வருவதற்குள் அறுபத்து நாலும் கன்றுகளோடு வரிசையாக மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தன.

பதினாறாம் தேதி ப்ரூவிட் மலைக்கு வருவதாக இருந்தது. காணாமல் போன காடு கடைசியாக இருந்த இடத்தை அளந்து முடித்தால்தான் வழக்குக் கோப்பைத் திறக்க முடியுமாம். வாழ்க்கையில் முதல் தடவை அவர் மலையேறுகிற அன்றைக்குத்தான் மாடுகள் அத்தனையும் தடைசெய்த இடத்தில் நிற்கின்றன.

“இறக்கிடலாமா?” என்றேன்.

“ஜட்ஜம்மாவையா? மேலே போனவளை செப்டம்பர் வரைக்கும் யார் இறக்கறது?” ஆர்டிஸ் கதவுத் துண்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். “எழுதிட்டாங்கன்னா முடிஞ்சுது எமெட். மீறல்னு ஒரு வரி போதும். உரிமமே போயிடும். தாத்தா, அப்பா, அவர், எல்லாரும் இழுத்துப் பிடிச்சது என் கையிலதான் போகணும்னு இருக்கு.”

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த அலுவலகத்தின்மேல் வந்த கோபத்தைத் தபால் துறை ஊழியன் என்ற முறையில் எழுதாமல் விடுகிறேன்.

பதினாறாம் தேதி நாலு பேர் மலையேறினோம். ப்ரூவிட், குழாயோடு ஹார்லன், ஆர்டிஸ், அரசாங்க முத்திரை உள்ள தொப்பி வைத்திருப்பதால் நடுநிலைச் சாட்சியாக நான். புல்வெளி ஓரத்தில் தாத்தாவின் பழைய குடிசை இருக்கிறது. அது வரைபடத்தில் கறுப்புப் புள்ளி. அங்கிருந்து திசைகாட்டி வைத்து அடி எண்ணிக்கொண்டு நடந்தோம். இருநூறாவது அடியில் ப்ரூவிட் கையை உயர்த்தினார்.

“இங்கேயிருந்து அடர்காடு ஆரம்பம். எல்லாரும் தலைக்கவசம் போடுங்க. கிளை விழலாம்.”

கண்ணுக்கெட்டிய வரை புல். நடுவில் மஞ்சள் பூ. தலைக்கு மேலே ஒரு பருந்தைத் தவிர விழக்கூடியது எதுவும் இல்லை. போட்டுக்கொண்டோம்.

“யாரும் புகை பிடிக்காதீங்க, காட்டுத்தீ வந்துடும். ஹார்லன், மரத்தை எண்ணுங்க.”

ஹார்லன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “பூஜ்யம் சார்.”

“ஏக்கருக்கா, மொத்தமா?”

“ரெண்டுமே சார்.”

“அடர்த்தி சராசரிக்குக் குறைவுன்னு எழுதுங்க.” வெயில் மண்டையைப் பிளந்தது. ப்ரூவிட் கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டே, “காட்டுக்குள்ள எப்பவுமே இப்படித்தான், காத்தே வராது,” என்றார்.

மேடு ஏறினோம். அந்தப் பக்கம் மந்தை மொத்தமும் மேய்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஜட்ஜம்மா.

ப்ரூவிட் நின்றார். முகம் மலர்ந்தது. மீறலைக் கண்டுபிடித்த அதிகாரியின் முகம் அப்படித்தான் மலரும்.

“காட்டுக்குள்ள மாடு! திருமதி ஹால்வர்சன், என்ன இது?”

ஆர்டிஸ் ஜட்ஜம்மாவைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் தந்திரமாக எதையும் யோசிக்கவில்லை. இரண்டு மாதமாக அவர்கள் பேச்சைக் கேட்டுக் குழம்பிக் குழம்பி, கடைசியில் நிஜமாகவே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“சார், அது வரைபடத்துல இருக்கா?”

“எது?”

“மாடு.”

ப்ரூவிட் அவளைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு, அவரைப் பற்றி என்ன சொன்னாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், விதிக்கு உண்மையான மனிதர், ஹார்லனிடம் வரைபடத்தை விரிக்கச் சொன்னார்.

புல்லின்மேல் விரித்து மேல் விளிம்பில் இரண்டு கல் வைத்தார்கள். ஹார்லன் முட்டி போட்டு ஓரத்தில் இருக்கும் குறியீடுகளைப் படித்தார். “தேவாலயம் இருக்கு. பள்ளிக்கூடம் இருக்கு. சுரங்கம், கல்லறை, காற்றாலை, பாலம்... மாடு இல்லை சார்.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“ரெண்டு தரம் பார்த்துட்டேன் சார். கன்றுக்குட்டியும் இல்லை.”

ப்ரூவிட் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே அறுபத்து நாலு மாடு அசைபோடுகிற சத்தம். கண்ணைத் திறந்து, மடித்த காலின்மேல் படிவத்தை வைத்து எழுதினார். நான் தோளுக்கு மேலாகப் படித்தேன்: ‘தடைசெய்யப்பட்ட காட்டுப் பகுதியில் மாடுகள்: இல்லை.’ கையெழுத்துப் போட்டார். நடுநிலைச் சாட்சி என்று நானும் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆர்டிஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குள் ஜட்ஜம்மா வந்துவிட்டாள். மனிதர்கள் குனிந்து எதையாவது தரையில் வைத்தால் அவளுக்கு அது மாடு நக்குவதற்கு வைக்கிற உப்புக்கட்டி. அறுபது வருஷமாக எத்தனையோ பேர் வியர்வைக் கையால் தொட்ட காகிதம் வேறு. கீழ் விளிம்பை மோந்து பார்த்தாள். தென்கிழக்கு மூலையை நக்கினாள். பிறகு வாய்க்குள் இழுத்தாள்.

“சார்!” ஹார்லன் பதறி எழுந்தார். “விரட்டவா?”

ப்ரூவிட்டின் கை பாதி உயர்ந்தது. கண் கையெழுத்துக் காயாத படிவத்தின்மேல் போனது. கை மெல்லக் கீழே இறங்கியது.

“எதை, ஹார்லன்?” என்றார்.

நாலு பேரும் தலைக்கவசத்தோடு நின்று பார்த்தோம். ஜட்ஜம்மா அவசரப்படவில்லை. ஓர் ஓடையைத் தின்றாள், ரயில் பாதையைத் தின்றாள், கில்பி ஊரில் ஆற்றுக்குத் தென்புறம் இருக்கிற பாதியைத் தின்றாள். போதும் என்று தோன்றியதும் அந்தப் பார்வையை ஒரு தடவை ப்ரூவிட்டின்மேல் வீசிவிட்டுப் போய்விட்டாள். சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ப்ரூவிட் ‘காற்று’ என்று எழுதினார்.

கீழே இறங்கும்போதுதான் ஹார்லன் என்னிடம் கிசுகிசுத்தார். “எமெட், ஆத்துக்குத் தெக்கே என்னென்ன இருக்கு?”

“தேவாலயம், முடிவெட்டுற கடை, அப்புறம் பழைய பள்ளிக்கூடம்.”

“அதாவது நாங்க.”

“அதாவது நீங்க,” என்றேன்.

தேவாலயமும் முடிவெட்டும் கடையும் அன்றைக்கும் திறந்திருந்தன, அவற்றுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ஒப்புமை அலுவலகத்துக்குத்தான் சங்கடம். வரைபடத்தில் இல்லாத இடத்திலிருந்து கடிதம் போட அவர்களுடைய விதியே இடம் தராது. ஆர்டிஸின் கோப்பு மேஜையிலேயே கிடந்தது. கோடை முழுக்க மாடுகள் மேலே இருந்தன. வீட்டு வயலில் புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. ஆகஸ்டில் அறுத்துக் கொட்டகை கூரை வரை அடுக்கினாள். அடுக்கி முடித்த அன்றைக்கு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை உள்ளே வைத்து இனிப்பு அப்பம் ஒன்று சுட்டு முழுசாக என் கையில் கொடுத்தாள். ஒரு துண்டு கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பரில் ப்ரூவிட் விதியை மீறி, அனுப்புநர் முகவரி போடாமல் தலைநகருக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார் என்று ஹார்லன் சொன்னார். ‘நாங்கள் இருக்கிறோம் என்று சான்றளிக்கவும்.’ இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கஞ்சி போட்ட விறைப்பு. தபால் நிலையத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெறுநர் இடத்தில் ‘பழைய வரைபட ஒப்புமை அலுவலகம், கில்பி’ என்று இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ப்ரூவிட்டே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நின்று சிவப்பு முத்திரையை வாங்கிக்கொண்ட ஆர்வில் ஞாபகத்துக்கு வந்தார். வேலிக் கதவின்மேல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்தவளும் ஞாபகத்துக்கு வந்தாள்.

“எமெட்,” என்றார் ஆவலாக, “எங்களுக்குக் கடிதம் ஏதாவது வந்திருக்கா?”

“யாருக்கு சார்?” என்றேன்.

அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். மேட்டின்மேல் நின்று யோசித்த அதே மாதிரி யோசித்தார். விதிக்கு உண்மையான மனிதர்.

“சரிதான்,” என்று சொல்லிவிட்டு, இல்லாத அலுவலகத்தின் இருக்கிற கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.